பக்கத்து சீட்டின் ஈரம்

செப்டம்பர் 9, திங்கள்

லேபில் இன்று ஒரு பாட்டு டீச்சரின் மேல் பல் செட்டைச் செய்து முடித்தேன். முன் பல் ஒன்று லேசாகக் கோணலாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். "எல்லாம் நேரா இருந்தா அது என் வாய் மாதிரியே இருக்காது" என்றாராம். பல் டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. கோணலாகவே வைத்தேன்.

சாயங்காலம் அத்தையைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நேற்று பெய்த மழைக்குப் பிறகு காருக்குள் ஈரச் சாக்கு வாடை. அத்தை வழக்கம்போலப் பின் சீட்டில். பக்கத்து சீட் காலி. என் வீட்டுக்காரர், அத்தையின் பிள்ளை, போய்ச் சேர்ந்து எட்டு மாதமாக அது காலிதான். என் கைப்பையைக்கூட அங்கே வைப்பதில்லை.

தெருமுனைகூடத் தாண்டவில்லை, டிங் டிங் என்று ஆரம்பித்துவிட்டது. பெல்ட் போடவில்லை என்று கத்தும் மணி. என் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், போட்டிருந்தேன். எரிந்த சிவப்பு விளக்கு பக்கத்து சீட்டுக்கானது.

எவ்வளவு தடிமனான கண்ணாடி போட்டாலும் என் வீட்டுக்காரருக்கு ரோடு சரியாகத் தெரியாது. அதனால் ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வது அவர். பெல்ட் மட்டும் போடவே மாட்டார். மணி அடித்தால், "கத்தட்டும் விடு, தொண்டை வத்தினா தானா நிறுத்தும்" என்பார். பின்னாலிருந்து அத்தை ஒரு அதட்டல் போட்டால்தான் கை பெல்ட்டுக்குப் போகும்.

இன்றும் அத்தை அதட்டினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வெகு சாதாரணமாக: "பெல்ட்டப் போடுடா."

பிரேக்கை மிதித்துவிட்டேன். ஓரமாக நிறுத்தினேன். அத்தை ஒன்றுமே நடக்காததுபோல, "ஏன் நிறுத்திட்ட? டாக்டர் கெளம்பிடப் போறாரு" என்றார்.

செப்டம்பர் 10

இன்றும் அடித்தது. மழை இல்லை. சீட்டில் ஒன்றுமில்லை, தடவிக்கூடப் பார்த்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒர்க்‌ஷாப்காரர் பக்கத்து சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தினார். விரிப்பிலிருந்து தண்ணீர் பொங்கி வந்தது. "மீன் வளக்கலாம் மேடம்" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

விஷயம் இதுதான். ஆள் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ள சீட்டுக்குள் ஒரு தகடு இருக்கிறது. அதன் ஒயர் சீட்டுக்கு அடியில் தரையை ஒட்டிப் போகிறது. அங்கே ஈரம் ஏறினால், யாரோ உட்கார்ந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். விரிப்புக்கு அடியில் கனத்த ஸ்பாஞ்சு இருப்பதால், ஒரு மழை பெய்தால் நாட்கணக்கில் தண்ணீர் உள்ளேயே நிற்கும். பழைய வண்டிகளில் இது சகஜமாம்.

"ஒயரப் புடுங்கி விட்டுடவா? அப்புறம் சத்தமே வராது."

"வேணாம்." நான் சொன்ன வேகத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல, தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாப்போமே" என்று சமாளித்தேன். அவருக்கு இப்போது நேரமில்லையாம், ஒழுகும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. "நீங்களே பாருங்க மேடம், பொறுமை இருந்தா போதும்." நாள் முழுக்க அடுத்தவர் பல்லோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம்!

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். "அது வெறும் ஈரம் அத்தை. சீட்ல ஆள் இருக்கிறதா வண்டி நெனச்சுக்குது. யார் உக்காந்தாலும் அடிக்கும்."

"வண்டிக்கே தெரியுது" என்றார் அத்தை.

செப்டம்பர் 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கதவின் அடி விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். வேறெங்கே தேட வேண்டும்? சிலிக்கான் பசை வைத்து ஒவ்வொன்றாக அடைத்து, ஈறு விளிம்பு போல வழவழவென்று தேய்த்துவிட்டேன். இதைவிடச் சின்ன ஓட்டையை அடைத்துத்தான் நான் சம்பளமே வாங்குகிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று கொட்டித் தீர்த்தது. இன்று வண்டியைத் திருப்பும்போதெல்லாம் கதவுக்குள் களக், களக். அத்தை பின்னாலிருந்து, "சின்னதுல வயிறு முட்டத் தண்ணி குடிச்சுட்டு ஓடுவான். இப்படித்தான் சத்தம் வரும்" என்றார்.

ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் போட்டேன். ஜன்னல் வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போகத்தான் அந்த ஓட்டைகளாம். "வடிகாலப் போயி அடச்சுட்டீங்களே மேடம்!" கத்தியால் கீறிவிட்டேன். கதவுக்குள் இருந்ததெல்லாம் என் செருப்பில். அவர் இருந்திருந்தால் இதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். கேலி செய்ய ஆளில்லாமல் தனியாக முட்டாளாவது கொடுமை.

உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாடி வீட்டம்மா படியில் நிறுத்திச் சொன்னார்: "மத்தியானம் ஆனா உங்க மாமியார் காருக்குள்ள போயி உக்காந்துக்கறாங்க. கண்ணாடிய எல்லாம் ஏத்திக்கிட்டு யார்கூடவோ பேசறாங்க. சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன்."

லேபுக்கு நடக்கிற தூரம்தான் என்பதால் பகலில் வண்டி வீட்டு வாசலில், மரத்தடியில் நிற்கும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். உண்மைதான். அத்தை பின் சீட்டில், முன்னால் சாய்ந்து, சுண்டுவிரல் வளைந்த தன் கையைப் பக்கத்து சீட்டின் தோளில் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் வைத்திருந்த பழைய மாற்றுச் சாவியைப் போட்டுத் திருகி விட்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "உன் தங்கச்சி போன் பண்ணினா. சின்னவனுக்குப் பல்லு விழுந்துருச்சாம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிறுத்தினார். பிறகு இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

நான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். போய்க் கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அவர் கிடைப்பது வண்டி ஓட்டும் நேரம் மட்டும். அத்தைக்கு முழு மத்தியானம்.

நானும் பேசுகிறேனா? பேசுகிறேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

நெஞ்சு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெடுநேரம் அத்தையின் முதுகிலிருந்து எடுக்கவில்லை. வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் இல்லை, காரில் இருக்கிறது என்றேன். விரிப்பின் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். "அந்தக் காத்து இனிமே இவங்க மேல படக் கூடாது. இந்த வயசுல நெஞ்சுல தங்கிடுச்சுன்னா தூக்கி நிறுத்த முடியாது."

நாத்தனாரிடம் சொன்னேன். "அண்ணி, அம்மாவ இங்க அனுப்பிடுங்க. அங்க இருந்தா இப்படியேதான் இருப்பாங்க" என்றாள். போனை அத்தையிடம் கொடுத்தேன். "அவன விட்டுட்டு நான் எங்கடி வர்றது?" என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். சாவியைக் கேட்டேன். முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்.

ஆக, காரை உலர்த்தியே ஆக வேண்டும். உலர்ந்தால் மணி நிற்கும். மணி நின்றால் அத்தைக்கு அவர் இன்னொரு முறை போய்விடுவார். எனக்கும்தான். ஒரு ஆள் எத்தன தடவதான் சாவாரு? நானே போயி அதச் செய்யணுமா?

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒழுகலைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே தண்ணீர் ஊற்ற, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலேயே முதலில் ஊற்றிவிட்டால் எல்லாப் பக்கமும் வழிந்து, எந்த வழியாக வந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

எனக்கு இருக்கும் இன்னொரு ஆள் அத்தைதான். கதவையெல்லாம் திறந்து வைத்து, மூக்கைத் துணியால் கட்டிவிட்டு, முன்னால் உட்காரச் சொன்னேன்.

"அவன் மடியிலயா உக்காருவேன்?"

பின் சீட்டில் இருந்தே எட்டிப் பார்த்து டார்ச் அடித்தார். நான் குழாயோடு வெளியே. கதவின் அடி, கதவின் மேல், கண்ணாடி ஓரம், வைப்பர் நிற்கிற இடம்.

"வருதா அத்தை?"

"வரல."

"இப்ப?"

"ஒண்ணும் வரலம்மா. காஞ்சு கெடக்கு."

முடித்துவிட்டு உள்ளே கை வைத்தேன். புதுத் தண்ணீர், சில்லென்று இருந்தது. அத்தையின் கண்ணைக் குறை சொல்லி என்ன பயன், சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறவர்.

அக்டோபர் 2, புதன்

காலையில் பல் மாதிரிகளை ஆஸ்பத்திரியில் கொடுக்க வண்டியை எடுத்தேன். உள்ளே இருந்த ஈரத்தில் கண்ணாடியெல்லாம் பனி படிந்திருந்தது. சிக்னலில் நின்றபோது பார்த்தேன், பக்கத்து சீட்டின் ஜன்னலில் ஒரு படம்.

கடைவாய்ப் பல். இரண்டு வேர். நடுவில் இரண்டு கண், ஒரு மீசை.

அவர் வரைந்தது. மழை நாளில் சிக்னலில் நின்றால் பனிப்பிடித்த ஜன்னலில் விரலால் வரைவார். "உன் வீட்டுக்காரர்னு சொல்லிக்க இவன் ஒருத்தன்தான் லாயக்கு" என்பார். விரலின் எண்ணெய்ப்பசை கண்ணாடியில் தங்கிவிடும், பனி படியும்போது திரும்பத் தெரியும். எனக்குத் தெரியாதா? கைரேகை ஒட்டாமல் வேலை செய்கிறவள் நான். தெரிஞ்சு என்ன? பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க, நான் பாத்துட்டே இருக்கேன். வெயில் ஏற ஏற மீசை முதலில் போயிற்று, பிறகு கண்.

காரை உலர்த்தினால் இதுவும் போகும்.

அக்டோபர் 6, ஞாயிறு

இருமல் மருந்தின் மயக்கத்தில் அத்தை காலையிலேயே தூங்கிவிட்டார். முழு ராத்திரியும் இருமியிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள், விடிந்ததும் முடிவு செய்துவிட்டேன்.

உள்ளே இருந்து சொல்ல ஆளில்லை. அதனால் என் தொழிலையே துணைக்கு அழைத்தேன். சீட்டைக் கழற்றி, விரிப்பையும் ஸ்பாஞ்சையும் உருவி மொட்டை மாடியில் காயப் போட்டேன். வெறும் தகரத்தைத் துடைத்து உலர்த்தி, லேபில் அச்சு எடுக்கிற ப்ளாஸ்டர் பொடியைச் சல்லடையால் தூவினேன். தண்ணீர் பட்ட இடம் கெட்டியாகிவிடும், படாத இடம் பொடியாகவே இருக்கும். யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே போய்க் கீழிருந்து மேலே ஊற்றினேன். வைப்பர் பக்கம் ஊற்றியதும் உள்ளே வந்து பார்த்தேன். வெள்ளையில் ஒரு கோடு. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால், ஏசி காற்று வருகிற பெட்டியின் அடியில் முடிந்தது.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழைத்தண்ணீர் அதில் இறங்கி, கோடியில் ஒரு துளை வழியாகக் கீழே போக வேண்டும். பல் டாக்டர்கள் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். துளை முழுக்கக் கறுப்புக் களி. மரத்தின் மஞ்சள் பூக்கள், வருஷக்கணக்கில் மக்கி அடைத்துக்கொண்டவை. போக வழியில்லாத தண்ணீர் தேங்கி, ஏசி காற்றை உறிஞ்சும் வாய்க்குள் வழிந்திருக்கிறது.

மரத்தடியில் நிறுத்தச் சொன்னவர் அவர்தான். "வெயில்ல போட்டா என் பின்பக்கம் வெந்துடும்" என்பார். களியை விரலால் தோண்டி எடுக்க எடுக்க அழுகை வந்தது. தோண்டிக்கொண்டே அழுதேன். ஒரு குடம் ஊற்றினேன். மடமடவென்று சக்கரத்தருகே தரையில் கொட்டியது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தண்ணீர் விழும் இடம், அன்று அத்தை டார்ச் அடித்த இடத்துக்கு நேர் கீழே. மங்கலான கண்ணுக்கும் அது மின்னியிருக்கும்.

அக்டோபர் 9, புதன்

எல்லாவற்றையும் பூஞ்சை போகக் கழுவி, காயவைத்து, திரும்பப் பொருத்தியாயிற்று. அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மணி அடிக்கவில்லை. தெருமுனை தாண்டினோம், பாலம் தாண்டினோம். அத்தை முன்னால் சாய்ந்து காத்திருந்தார்.

"அவன எங்க எறக்கி விட்ட?" என்று கேட்டார்.

அக்டோபர் 11

அத்தை சாப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நாத்தனார் மாத முடிவில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டாள். இந்த முறை அத்தை மறுக்கவில்லை. "இங்க யாரு இருக்கா" என்றார் போனில். நான் இருக்கிறேன். சமையலறையில், கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

அடித்தது!

மழை பெய்யவே இல்லை. லேப் சாமான் வாங்க வண்டியை எடுத்தேன், டிங் டிங். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். "வந்துட்டீங்களா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கை வைத்துப் பார்த்தால் விரிப்பில் ஈரம். பிறகுதான் பயம் வந்தது. பள்ளம் சுத்தமாக இருக்கிறது, துளை திறந்திருக்கிறது, வானம் காய்ந்து கிடக்கிறது. அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?

வீட்டுக்கு வந்தேன். அத்தை நன்றாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

மறுபடியும் ஈரம். மறுபடியும் மழையில்லை. விரிப்பை எடுத்துவிட்டுப் பொடி தூவி வைத்தேன்.

அக்டோபர் 19, சனி

மேலேயிருந்து இறங்கும் கோடு எதுவும் இல்லை. ஓரங்கள் எல்லாம் பொடியாகவே இருந்தன. தரையின் நடுவில் மட்டும், மேலிருந்து ஊற்றினால் சிதறுவதுபோல ஒரு பெரிய திட்டு, கெட்டியாகியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வட்டம். டம்ளரைக் கீழே வைத்த தடம். அதற்கும் பக்கத்தில், ஊன்றி எழுந்த ஒரு கை.

சுண்டுவிரல் வளைந்த கை. அது யாருடையது என்று நான் கேட்க வேண்டியதில்லை. வெள்ளைப் பொடி அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

ஆக, அன்றைக்கும் தெரிந்தேதான் "வரல" என்று சொல்லியிருக்கிறார். இந்த இருமலோடு, யாரும் பார்க்காத மத்தியானத்தில், டம்ளரில் தண்ணீர் எடுத்துப் போய் மகன் காலடியில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார்.

கையின் அச்சு உடையாமல் வந்தது. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? சீட்டைக் கழற்றித் தரையைத் துடைத்து, ஒயர் இணைப்பை உலர்த்தி, விரிப்பையும் சீட்டையும் திரும்ப மாட்டினேன். பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

நானும் ஒரு வாய் ஊத்திட்டாத்தான் என்ன? யாருக்கு நஷ்டம்?

உள்ளே அத்தை இருமினார். பக்கெட்டை மரத்தடியில் கவிழ்த்துவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

நெஞ்சு டாக்டரிடம் மறுபடி போக வேண்டிய நாள். ப்ளாஸ்டர் மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கி வைத்தேன். வேண்டுமென்றேதான். அத்தை பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும் முன்னாடி வாங்க அத்தை."

"அங்க எப்படிம்மா..."

"கொஞ்சம் நகந்து எடம் விடச் சொல்லுங்க."

பின் கதவை மெல்லச் சாத்தினார். பிறகு விளிம்பில், உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இந்த வண்டி வாங்கியதிலிருந்து அவர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. நான் கிளப்பினேன்.

டிங் டிங்.

அத்தை பக்கத்தில் பார்த்தார், பின்னால் பார்த்தார். குனிந்து காலடியைத் தடவினார். உலர்ந்திருந்தது. அந்தக் கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். அவர் தண்ணீர் ஊற்றியது எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது.

"இது... யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அத்தை. நீங்க பெல்ட் போடல."

யார் உட்கார்ந்தாலும் அடிக்கும் என்று நான் எத்தனை முறை சொன்னேன். எப்படிக் காதில் ஏறும்? இத்தனை வருஷமும் அவர் கேட்டதெல்லாம் மகனுக்கு அடித்த மணிதான். மணி சத்தமாகிக்கொண்டே போனது. நான் வண்டியை நகர்த்தவில்லை. அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் கோணியது, உதடு துடித்தது, நான் செய்து கொடுத்த பல் செட் லேசாக ஆடியது. பிறகு, அதட்டு வாங்கிய பிள்ளை மாதிரி, பெல்ட்டைத் தேடி இழுத்தார்.

"சரிடா. சரிடா, போட்டுக்கறேன்."

எங்கே மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து மாட்டிவிட்டேன். மணி நின்றது. இருவரும் அழுதோம், மாடி வீட்டம்மா பார்த்தால் பார்க்கட்டும் என்று.

டாக்டர் வீட்டு வாசலில் இறங்கும்போது அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவருடைய சாவியை என் கையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"திரும்பிப் போகும்போதும் அடிக்குமா?"

"அடிக்கும் அத்தை. நீங்க உக்காந்தா அடிக்கும்."

"அப்ப அவகிட்ட வர வேணாம்னு சொல்லிடு" என்றார். நாத்தனாருக்கு இப்போதுதான் போன் செய்தேன்.